பவர் சப்ளை கேபிள்களை இனங்காண்பது எப்படி? கொழும்பில் புதிதாகக் கணினி பூட்டுவோருக்கு

இந்தக் கட்டுரை இரண்டு வகையானவர்களுக்கு உதவும். ஒருவர், பழைய பவர் சப்ளை (சுவர் மின்சாரத்தைக் கணினிப் பாகங்களுக்கு ஏற்ப மாற்றித் தரும் பெட்டி) ஒன்றை வாங்கி, அதனுடன் ஒரு பொலித்தீன் பை நிறையக் கறுப்பு வயர்களையும் வீட்டுக்குக் கொண்டுவந்தவர். மற்றவர், புதிய கிராஃபிக்ஸ் கார்ட் வாங்கப் போன இடத்தில் "உங்கள் பவர் சப்ளையில் இதற்கு வயர் இருக்கிறதா?" என்று கேட்கப்பட்டு விழித்தவர். இரண்டு நிலைமையிலும் நான் இருந்திருக்கிறேன். கடைக்காரருக்கு விளக்கம் சொல்ல நேரமில்லை; பெட்டியோடு வரும் கையேடு அந்த ஒரு மாதிரியைப் பற்றி மட்டுமே பேசுகிறது. எனவே அலைந்து தெரிந்துகொண்டதை ஒழுங்குபடுத்தித் தருகிறேன்.

தொடங்குமுன் ஒன்று: செருகினால் உள்ளே போகிறது என்பதற்காக அது சரியான கேபிள் ஆகிவிடாது. கீழே சொல்லப்படும் சேதங்களில் பாதிக்கு மேல் இந்த ஒரு நம்பிக்கையால் நேர்பவை.

1. வீட்டை விட்டுப் புறப்படுமுன் படம் எடுத்துக்கொள்ளுங்கள்

கைத்தொலைபேசியில் நான்கு விடயங்கள் இருக்க வேண்டும்: மதர்போர்டின் (பாகங்கள் எல்லாம் பொருத்தப்படும் பிரதானப் பலகை) மீது அச்சிடப்பட்ட மாதிரிப் பெயர், கிராஃபிக்ஸ் கார்டின் மின் குழி தெரியும் படம், ஹார்ட் டிஸ்க்குகளின் எண்ணிக்கை, பவர் சப்ளையின் பக்கத்தில் ஒட்டியிருக்கும் லேபிளின் படம்.

லேபிளைப் படிக்கத் தெரிந்துகொள்வது பணத்தை மிச்சப்படுத்தும். பெட்டியின் மேல் பெரிதாகப் போட்டிருக்கும் வாட் கணக்கை விட்டுவிடுங்கள். அட்டவணையில் 12 வோல்ட் என்ற நிரலைத் தேடி, அதன் கீழே உள்ள அம்பியரைப் 12ஆல் பெருக்குங்கள். 45 அம்பியர் என்றால் 540 வாட். 25 அம்பியர்தான் என்றால் 300 வாட், பெட்டியில் 500 என்று எழுதியிருந்தாலும். இன்றைய சிபியுவும் (கணினியின் மூளையான செயலி) கிராஃபிக்ஸ் கார்டும் 12 வோல்ட்டில்தான் உயிர் வாழ்கின்றன. 12 வோல்ட்டுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட நிரல்கள் இருந்தால் அவற்றை நீங்களாகக் கூட்டாதீர்கள். கீழே அவற்றுக்கான மொத்த வாட் தனியாகப் போடப்பட்டிருக்கும்.

2. மதர்போர்டுக்கான 24 பின்

இருப்பதிலேயே பெரிய கனெக்டர் (கேபிளின் செருகும் முனை) இது. இரண்டு வரிசை, வரிசைக்குப் பன்னிரண்டு பின்கள், அதாவது மின் தொடுப்புகள். பெரும்பாலான பவர் சப்ளைகளில் இது 20, 4 என்று இரண்டு துண்டாகப் பிரியும். பழைய மதர்போர்டுகளில் 20 பின் குழி மட்டும் இருந்ததால் இந்த ஏற்பாடு.

வயர்கள் நிறத்தில் இருந்தால் வேலை சுலபம். மஞ்சள் 12 வோல்ட், சிவப்பு 5 வோல்ட், செம்மஞ்சள் 3.3 வோல்ட், கறுப்பு எல்லாம் கிரவுண்ட், அதாவது மின்சாரம் திரும்பிப் போகும் 0 வோல்ட் வழி. ஊதா ஒன்று இருக்கும். கணினி நிறுத்தப்பட்டிருக்கும்போதும் 5 வோல்ட் தரும் வயர் அது. நீலம் எதிர் 12 வோல்ட். சாம்பல், மின்சாரம் சீராக வந்துவிட்டது என்று மதர்போர்டுக்கு அறிவிப்பது. பச்சை ஒன்றே ஒன்று. அதைக் கிரவுண்டுடன் சேர்த்தால் பவர் சப்ளை விழித்துக்கொள்ளும். கடைசிப் பகுதியில் இந்தப் பச்சை தேவைப்படும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. 24இலிருந்து பிரியும் அந்த 4 பின் துண்டும், அடுத்ததாகச் சொல்லப்போகும் சிபியுவின் 4 பின்னும் பார்வைக்கு உடன்பிறப்புகள். ஆனால் முன்னதில் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு, கறுப்பு என்று நான்கும் நான்கு நிறம். சிபியுவினதில் இரண்டு மஞ்சள், இரண்டு கறுப்பு மட்டுமே. துண்டு தனியாகத் தொங்குகிறதே என்று அதைச் சிபியு குழியில் திணிக்க முயல்பவர்கள் உண்டு. துளைகளின் வடிவம் தடுக்கும், தடுக்கும்போது நிறுத்திக்கொள்ளுங்கள்.

3. சிபியு கேபிள்

மதர்போர்டின் மேல் மூலையில், சிபியுவுக்கு அருகே இருக்கும் குழிக்கு இது போகும். 8 பின், அல்லது பழைய போர்டுகளில் 4 பின். கேபிள் பக்கத்தில் அது சரிபாதியாக 4, 4 என்று பிரியும். பாதியாகப் பிரிகிறதா என்பதே முதல் அடையாளம். பல கனெக்டர்களில் "சிபியு" என்று ஆங்கில எழுத்தில் பொறித்தும் இருப்பார்கள், ஆனால் கறுப்பின் மேல் கறுப்பாக. கைத்தொலைபேசி வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தால்தான் தெரியும்.

விலை கூடிய மதர்போர்டுகளில் 8 பின் குழிக்குப் பக்கத்தில் இன்னொரு 4 அல்லது 8 பின் குழி இருக்கும். உங்கள் பவர் சப்ளையில் சிபியு கேபிள் ஒன்றுதான் என்றால் பதற வேண்டாம். சாதாரணப் பாவனைக்கு 8 பின் ஒன்றே போதும். மதர்போர்டின் கையேட்டில் ஒருமுறை உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

4. கிராஃபிக்ஸ் கார்டுக்கான கேபிள்: இங்கேதான் அதிகம் குழம்புகிறார்கள்

இதுவும் 8 பின். சிபியுவினதும் 8 பின். இரண்டும் ஒரே அளவு, ஒரே பிளாஸ்டிக். ஆனால் மின்சாரம் தலைகீழ்.

இரண்டையும் வேறுபடுத்தி அறிய மூன்று வழிகள். ஒன்று, கிராஃபிக்ஸ் கேபிள் 6, 2 என்று பிரியும். சிபியு கேபிள் 4, 4 என்று பிரியும். இரண்டு, கனெக்டரைப் பூட்டிப் பிடிக்கும் பிளாஸ்டிக் கொக்கி இருக்கும் பக்கத்தைப் பாருங்கள். சிபியு கேபிளில் கொக்கிப் பக்க வரிசை மஞ்சள். கிராஃபிக்ஸ் கேபிளில் கொக்கிப் பக்க வரிசை கறுப்பு. மூன்று, வயர்கள் எல்லாம் கறுப்பு என்றால் துளைகளின் வடிவம். சில சதுரம், சில மூலை மழுங்கியவை. அந்த ஒழுங்கைக் குழியின் ஒழுங்குடன் ஒப்பிடுங்கள். மூன்றும் ஒத்துப்போனால் செருகலாம். அழுத்திச் செருகி இடம் மாறிப்போனால் 12 வோல்ட் நேராகக் கிரவுண்டில் போய் முட்டும். நல்ல பவர் சப்ளை தானாக நின்றுகொள்ளும். மலிவானது நிற்கும் என்று என்னால் உறுதி தர முடியாது.

கணக்கு இப்படி: மதர்போர்டின் குழியிலிருந்து கார்ட் 75 வாட் வரை எடுக்கலாம். 6 பின் கேபிள் இன்னொரு 75 வாட். 8 பின் கேபிள் 150 வாட். ஆகவே ஒரு 8 பின், ஒரு 6 பின் உள்ள கார்ட் 300 வாட் வரை போகலாம். ஒரே கேபிளின் முனையில் இரண்டு 8 பின் கனெக்டர்கள் வால் போலத் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். சிறிய கார்டுக்கு அது பரவாயில்லை. இரண்டு 8 பின் கேட்கும் பெரிய கார்ட் என்றால் பவர் சப்ளையிலிருந்து இரண்டு தனிக் கேபிள்களை இழுங்கள்.

புதிய கார்டுகளில் 16 பின் குழி வருகிறது: பன்னிரண்டு பெரிய பின்கள், அவற்றின் மேல் நான்கு சிறியவை. 600 வாட் வரை ஒரே கேபிளில் வரும். 2022ஆம் ஆண்டு ஆர்டிஎக்ஸ் 4090 கார்டுகள் வெளிவந்த சில வாரங்களிலேயே இந்தக் கனெக்டர் உருகிய படங்கள் உலகெங்கும் பரவின. முழுதாக உள்ளே போகாத கனெக்டர் அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் முக்கியமானது. பின்னர் 12வி-2×6 என்ற திருத்திய வடிவம் வந்தது; அதில் சிறிய பின்களைக் குட்டையாக்கினார்கள், சரியாகச் செருகாவிட்டால் கார்ட் மின்சாரத்தை எடுக்காமல் இருப்பதற்காக. உங்களிடம் எது இருந்தாலும், இடைவெளி கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு அழுத்திச் செருகுங்கள். கனெக்டரை ஒட்டியபடி வயரை மடிக்காதீர்கள். சில சென்டிமீட்டர் நேராக விட்டு அதன் பிறகு வளையுங்கள். கேசிங்கின் கண்ணாடிக் கதவு வயரை அழுத்துகிறது என்றால் கேசிங் அந்தக் கார்டுக்குப் போதாது.

5. ஹார்ட் டிஸ்க், எஸ்எஸ்டி, பழைய மொலெக்ஸ்

ஹார்ட் டிஸ்க்குக்கும் எஸ்எஸ்டிக்கும் (சுழலும் தட்டு இல்லாத சேமிப்பகம்) போகும் சாட்டா மின் கேபிள் தட்டையானது. 15 தொடுப்புகள், முனையில் ஆங்கில எழுத்து எல் வடிவம். அதன் பக்கத்தில் செருகும் ஒடுங்கிய 7 தொடுப்புக் கேபிள் தரவுக்கு. அது மதர்போர்டுக்குப் போகிறது, பவர் சப்ளைக்கு அல்ல. மதர்போர்டிலேயே நேராகச் செருகும் எம்.2 எஸ்எஸ்டிக்குக் கேபிளே வேண்டாம். நான்கு தடித்த பின்கள் ஒரே வரிசையில், மஞ்சள், கறுப்பு, கறுப்பு, சிவப்பு என்று வந்தால் அது மொலெக்ஸ். இன்று சில விசிறிகளுக்கும் விளக்குப் பட்டிகளுக்கும் மட்டும் பயன்படுகிறது.

சாட்டாவிலிருந்து கிராஃபிக்ஸ் கார்டுக்கு மாற்றும் சிறு கேபிளை வாங்க வேண்டாம். சாட்டா கனெக்டரில் 12 வோல்ட்டுக்கு மூன்று தொடுப்புகள், ஒவ்வொன்றும் 1.5 அம்பியர். மொத்தம் 54 வாட். அந்தக் கேபிளின் மறுமுனையில் 75 வாட் கேட்கும் 6 பின். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது என்பதைத் தவிர அதற்கு வேறு தகுதி இல்லை.

மொலெக்ஸிலிருந்து சாட்டாவுக்கு மாற்றும் கேபிள் தேவைப்பட்டால் தலையைப் பாருங்கள். வயர்கள் வார்த்த பிளாஸ்டிக் கட்டிக்குள் மறைந்துபோகும் வகையைத் தவிருங்கள். உள்ளே வயர்கள் ஒன்றையொன்று தொட்டு எரிந்த சம்பவங்கள் அந்த வகையில்தான் அதிகம். வயர் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் துளைக்குள் போவது தெரியும் வகையே நல்லது.

இன்னொரு சிறு விடயம். சேவரிலிருந்தோ வெளி ஹார்ட் டிஸ்க் பெட்டியிலிருந்தோ கழற்றிய சில டிஸ்க்குகள், சாட்டாவின் மூன்றாவது பின்னில் 3.3 வோல்ட் வந்தால் சுழலவே சுழலாது. பழுது என்று எறிந்துவிடாதீர்கள். 3.3 வோல்ட் இல்லாத மொலெக்ஸ் மாற்றுக் கேபிளில் போட்டால் ஓடும்.

6. கழற்றக்கூடிய கேபிள்: பணத்தைத் தின்னும் பகுதி

மொடியுலர் பவர் சப்ளை என்றால் கேபிள்கள் இரண்டு முனையிலும் கழலும். கணினிப் பக்க முனைக்கு நியமம் உண்டு. பவர் சப்ளைப் பக்க முனைக்கு எந்தப் பொது நியமமும் இல்லை. ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி பின்களை அடுக்குகிறது. ஒரே நிறுவனத்தின் இரண்டு மாதிரிகளிலும் அடுக்கு மாறலாம், ஏனெனில் பல நிறுவனங்கள் வெவ்வேறு தொழிற்சாலைகளில் செய்வித்துத் தங்கள் பெயரை ஒட்டுகின்றன. பிளாஸ்டிக் மட்டும் பெரும்பாலும் ஒன்று. ஆகவே வேறு பவர் சப்ளையின் சாட்டா கேபிள் உங்களுடையதில் அழகாகப் பொருந்தும். 5 வோல்ட் போக வேண்டிய வயரில் 12 வோல்ட் போகும். எஸ்எஸ்டி ஒரு நொடியில் முடியும். படங்களும் கணக்குகளும் அதற்குள் இருந்தால் அவையும் போகும்.

பழைய பொருள் விற்பவர்கள் "எந்த கேபிளும் எல்லாவற்றுக்கும் போகும்" என்று சொல்வார்கள். பொய் சொல்ல வேண்டும் என்பதற்காக அல்ல, அவர்களிடம் இருப்பது ஒரு பெட்டி நிறைய கலந்துபோன கேபிள்கள். நீங்கள் செய்ய வேண்டியது:

கேபிள் இல்லாத மொடியுலர் பவர் சப்ளையை மலிவு என்று வாங்காதீர்கள். அசல் கேபிள்களுடன் சேர்த்தே விலை பேசுங்கள். கேபிளின் பவர் சப்ளை முனையில் வகைக் குறி இருக்கிறதா என்று பாருங்கள்; கோர்சேர் நிறுவனத்தின் கேபிள்களில் "டைப் 3", "டைப் 4" என்று அச்சிட்டிருக்கும், இவ்விரண்டின் 24 பின் கேபிள்கள் ஒன்றுக்கொன்று ஒத்துவராது. பவர் சப்ளையை மாற்றும்போது, பழைய கேபிள்கள் கேசிங்குக்குள் ஒழுங்காகக் கட்டப்பட்டிருக்கின்றனவே என்று அவற்றை அப்படியே விட்டுப் புதிய பெட்டியை மட்டும் மாற்றும் எண்ணம் வரும். அந்தச் சோம்பலுக்கு இடம் கொடுக்காதீர்கள். எல்லாவற்றையும் உருவி எடுத்துப் புதியவற்றைப் போடுங்கள். வீட்டில் இரண்டு கணினிகள் இருந்தால் கேபிள்களைத் தனித்தனிப் பைகளில் போட்டு மாதிரிப் பெயரை எழுதி வையுங்கள்.

7. அலுவலகங்களில் இருந்து வரும் பழைய கணினிகள்

கொழும்பில் டெல், எச்பி, லெனோவோ நிறுவனங்களின் பழைய அலுவலகக் கணினிகள் நிறைய விற்பனையாகின்றன. நல்ல பேரம்தான். ஆனால் உள்ளே 24 பின் இருக்கும் என்று எண்ணிப் புதிய பவர் சப்ளை வாங்கிவிடாதீர்கள். டெல் ஆப்டிபிளெக்ஸ் 9020 போன்றவற்றில் 8 பின், எச்பியின் பல மாதிரிகளில் 6 பின், லெனோவோவில் 14 அல்லது 10 பின் என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு வழி. 24 பின்னிலிருந்து இவற்றுக்கு மாற்றும் கேபிள் உண்டு. சரியான மாதிரி எண்ணைச் சொல்லிக் கேட்க வேண்டும். இங்கே கிடைக்காமல் வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் வாரக்கணக்கில் ஆகும். அதோடு சிறிய கேசிங்குகளில் சாதாரண பவர் சப்ளை உள்ளே போகவே போகாது; அளவுகோலால் அளந்து பாருங்கள்.

8. சுவரிலிருந்து வரும் கேபிள்

இதை யாரும் கேபிளாகவே எண்ணுவதில்லை. பவர் சப்ளையின் பின்னால் செருகும் மூன்று துளைக் கனெக்டர் சி13 எனப்படும்; 10 அம்பியர் வரை தாங்கும். மிகப் பெரிய பவர் சப்ளைகளில் இதைவிடத் தடித்த சி19 வரும், இரண்டும் ஒன்றில் ஒன்று போகாது. கேபிளின் உறையில் 3×0.75 அல்லது 3×1.0 என்று சதுர மில்லிமீட்டர் கணக்கு அச்சிட்டிருக்க வேண்டும். எதுவும் எழுதாத மெல்லிய கேபிளை மொனிட்டருக்கும் போடாதீர்கள்.

இலங்கையில் நியமமாக்கப்பட்டது 13 அம்பியர் சதுரப் பின் பிளக். வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பக்கத்துப் பழைய வீடுகளில் 5 அம்பியர் வட்டப் பின் பிளக் பேஸ் இன்னும் இருக்கிறது. இரண்டிலும் எர்த் உண்டு. ஐரோப்பிய இரட்டை வட்டப் பின் பிளக்கைப் பல்வகைத் துளையுள்ள எக்ஸ்டென்ஷனில் குத்தினால் எர்த் கிடைக்காது. கேசிங்கைத் தொடும்போது சுள்ளென்று உறைத்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். பாவித்த கணினியுடன் வரும் கேபிளில் 125 வோல்ட் என்று இருந்தால் ஒதுக்கிவையுங்கள். பழைய பவர் சப்ளையின் பின்பக்கம் 115, 230 என்று எழுதிய சிறு சிவப்பு ஆளி இருந்தால் அது 230இல் நிற்கிறதா என்று மின்சாரம் கொடுக்குமுன் பாருங்கள். 115இல் நின்றால் ஒரே வெடிப்புச் சத்தத்துடன் கதை முடிந்துவிடும்.

9. எங்கே, எப்போது, என்ன தாளுடன்

கணினிப் பாகங்களுக்குப் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசா. காலி வீதியில் 100, 101 இலக்கப் பஸ்கள் வாசலில் விடும். மல்டிமீட்டர் (வோல்ட் அளக்கும் கருவி), சுவர் கேபிள், பிளக் போன்றவற்றுக்குப் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெரு மலிவு. போயா தினத்திலும் சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நாட்களிலும் பல கடைகள் மூடியிருக்கும். ஞாயிறு என்றால் தொலைபேசியில் கேட்டுவிட்டுப் போங்கள். வார நாள் முற்பகல் நல்லது. கடைக்காரர் பெட்டியைத் திறந்து காட்ட நேரம் ஒதுக்குவார்.

மாற்றுக் கேபிள்கள் சில நூறு ரூபாயில் தொடங்கும். பவர் சப்ளை பல்லாயிரம். ஆகவே கேபிள் குறைந்த பவர் சப்ளையை வாங்கிவிட்டு மாற்றுக் கேபிளால் ஒட்டுப்போடுவது லாபம் போலத் தெரியும். வேண்டிய கனெக்டர்கள் பிறவியிலேயே உள்ளதை வாங்குவதுதான் கடைசியில் மலிவு. விலை கேட்கும்போது இரண்டு கேள்விகளைச் சேர்த்துக் கேளுங்கள்: 18 சதவீத வற் வரி இதற்குள் அடங்குகிறதா? கார்டில் கொடுத்தால் விலை மாறுமா?

பற்றுச்சீட்டு இல்லாமல் வெளியே வராதீர்கள். அதில் தொடர் இலக்கம் எழுதப்பட வேண்டும். நமது கடைப் பற்றுச்சீட்டுகள் பலவற்றின் அடியில், ஒரு வருட உத்தரவாதம் என்பது 350 நாள் என்று சிறிய எழுத்தில் இருக்கும். அதற்குக் கீழே, எரிந்த அடையாளம் உள்ள பொருளுக்கு உத்தரவாதம் இல்லை என்றும் இருக்கும். கனெக்டர் உருகினால் நீங்கள் வாதாட வேண்டியது இந்த வரியுடன்தான். எனவே வாங்கிய அன்றே எல்லாக் கனெக்டர்களையும் படம் எடுத்து வையுங்கள். பெட்டியையும் பாவிக்காத கேபிள்களையும் எறியாதீர்கள்; மாற்றித் தரும்போது முழுத் தொகுதியையும் கேட்பார்கள். நியாயம் கிடைக்காவிட்டால் நுகர்வோர் விவகார அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கு முறையிடலாம், அதற்கும் பற்றுச்சீட்டு வேண்டும்.

10. பாகங்களை இணைக்குமுன் ஒரு சோதனை

பழைய பவர் சப்ளை என்றால் கட்டாயம், புதியதென்றாலும் நட்டமில்லை. எந்தப் பாகமும் இணைக்கப்படாதிருக்க வேண்டும். சுவர் ஆளி நிறுத்தப்பட்ட நிலையில், 24 பின் கனெக்டரின் பச்சை வயர்த் துளையையும் பக்கத்துக் கறுப்பு வயர்த் துளையையும் ஒரு காகிதக் கிளிப்பால் இணையுங்கள். எல்லாம் கறுப்பு வயர் என்றால், கொக்கி இருக்கும் வரிசையில், 4 பின் துண்டு இல்லாத முனையிலிருந்து எண்ணி நான்காவதும் ஐந்தாவதும். பிறகு சுவர் ஆளியையும் பவர் சப்ளை ஆளியையும் போடுங்கள். விசிறி சுழல வேண்டும். குறைந்த சுமையில் விசிறியை நிறுத்திவைக்கும் மாதிரிகளும் உண்டு, ஆகவே விசிறியை நம்பாமல் அளந்து பாருங்கள்.

மல்டிமீட்டரை நேரோட்ட வோல்ட் அளக்கும் நிலையில், 20 வோல்ட்டில் வையுங்கள். கறுப்பு முனை கிரவுண்டில். 12 வோல்ட் வயரில் 11.4 முதல் 12.6 வரை, 5 வோல்ட் வயரில் 4.75 முதல் 5.25 வரை, 3.3 வோல்ட் வயரில் 3.14 முதல் 3.47 வரை இருக்கலாம். மொலெக்ஸில் ஒரு முனை 12, மறுமுனை 5. சாட்டாவில் ஒரு முனை 3.3, நடு 5, மறுமுனை 12. சில கேபிள்களில் 3.3 வராது, அது பிழையல்ல. 5 இருக்க வேண்டிய இடத்தில் 12 காட்டினால் அந்தக் கேபிள் இந்தப் பவர் சப்ளையினது அல்ல. அதைத் தனியே எடுத்து வெட்டிப் போடுங்கள், வேறு யாரும் எடுத்துச் செருகாதபடி.

அளவுகள் எல்லை தாண்டினால் பவர் சப்ளையைத் திறந்து பார்க்க வேண்டாம். உள்ளே இருக்கும் பெரிய கொள்ளளவி பிளக்கைக் கழற்றிய பிறகும் மின்னூட்டத்தை வைத்திருக்கும். மல்டிமீட்டரின் திரையைப் படம் எடுத்து, பற்றுச்சீட்டுடன் அன்றே கடைக்குக் கொண்டுபோங்கள்.